பெட்டியிலயா டீ குடிக்கப் போறோம்?

பழைய ஸ்டூடியோ மட்பாண்டத்துக்கு விலை சொல்கிறவர், கிண்ணத்தைக் கையில் எடுத்ததுமே கவிழ்த்து அடியில் முத்திரை தேடுகிறார். இதுக்குப் பேர் மதிப்பீடா? ஜாதகம் பார்க்கிறது.

ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜி, 1920இல் பெர்னார்ட் லீச்சோடு இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸுக்குப் போனவர். அங்கே முத்திரை குத்தினார்; பிறகு மாஷிகோவில் குடியேறியதும் விட்டுவிட்டார். பெயரில்லாக் கைகளின் அழகைப் போற்றிய மிங்கே இயக்கத்தின் ஆள் அவர். இன்றோ, அவர் கையெழுத்திட்ட மரப்பெட்டி கூட இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. அதே மண், அதே கிளேஸ்!

போலி வந்துடுமே என்பார்கள். முத்திரையைப் போலி செய்வதுதானே சுலபம்? அடிவட்டத்தைத் தடவுங்கள், கனத்தைக் கையில் வாங்குங்கள், சுண்டிக் கேளுங்கள். விரிசல் இருந்தால் ஓசையே காட்டிக்கொடுக்கும். இதெல்லாம் தெரியாதவர் விற்பது பெயரை மட்டும்தான். அதை வாங்கிவிட்டு, பாண்டம் வாங்கினேன் என்று சொல்லாதீர்கள்.