ஞாயிற்றுக்கிழமை ஓங்கில் பார்க்கப் போவோமா?

ஷூ கம்பெனியில் வேலை முடிந்து சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கையில் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. அதில் பாதி துணி துவைக்கப் போய்விடும், மீதி திங்கட்கிழமைக்கு மாவு அரைக்கப் போய்விடும். அதனால்தான் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துக் குடும்பங்களின் டூர் பெரும்பாலும் ஏலகிரியோடு முடிந்துவிடுகிறது. கடல் என்றால், சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது மெரினாவில் அரை மணி நேரம்.

ஒரு மாறுதலுக்கு, இந்த முறை பிள்ளைகளை டால்பின் பார்க்க அழைத்துப் போகலாமே?

'அதெல்லாம் வெளிநாட்டில்தானே இருக்கும்' என்று நினைக்க வேண்டாம். நம் வங்கக் கடலிலேயே, கரையை ஒட்டியே இருக்கின்றன. நம் கடலோர மக்கள் அதை ஓங்கில் என்பார்கள். கூன்முதுகு டால்பின், பாட்டில்மூக்கு டால்பின், துள்ளும்போதே பம்பரம் மாதிரி சுற்றும் சுழல் டால்பின் என்று தமிழகக் கடலில் பல வகை உண்டு. மன்னார் வளைகுடாவில் பார்க்கலாம். இலங்கையின் கற்பிட்டியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும். ஆனால், சனிக்கிழமை புறப்பட்டு ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டிய நமக்குத் தோதான இடம் புதுச்சேரி.

ஆம்பூரிலிருந்து வேலூர், ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பினால், ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு, வழியில் டிபனை முடித்துக்கொண்டு, பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். தங்கும் இடத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வார இறுதியில் புதுச்சேரியில் அறை கிடைப்பது சுலபமில்லை.

ஞாயிறு விடியற்காலையில் படகு. டால்பின் பார்க்கக் கடலுக்குள் அழைத்துப் போகும் படகுகள் அங்கே உண்டு. காலை நேரம்தான் நல்லது. காற்று குறைவாக இருக்கும், தண்ணீர் அமைதியாக இருக்கும், தூரத்தில் ஒரு முதுகு எழும்பினாலும் கண்ணில் படும். மாதத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை தோது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், கடல் கொந்தளிக்கும். எந்த மாதமானாலும், வானிலை எச்சரிக்கை இருந்தால் போகவே வேண்டாம்.

ஏறுவதற்கு முன்னால் மூன்று விஷயம்.

ஒன்று, லைஃப் ஜாக்கெட். ஆளுக்கு ஒன்று, குழந்தைக்குக் குழந்தை அளவில். அது இல்லாத படகில் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் ஏறாதீர்கள்.

இரண்டு, சாப்பாடு. காலையில் இரண்டு இட்லி போதும். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிப்பதெல்லாம் கரைக்குத் திரும்பிய பிறகு. நம்மவர்களுக்கு மலைப்பாதையில் வரும் வாந்தி, அலையிலும் வரும். மாத்திரை தேவைப்படுகிறவர்கள், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, முதல்நாளே டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். டால்பினைக் கட்டாயம் பார்த்துவிடலாம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். படகுக்குக் காசு கொடுக்கிறோம், டால்பினுக்கு இல்லை. அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

'இவ்வளவு தூரம் போய்ப் பார்க்காமல் திரும்புவதா?' என்று தோன்றும். கட்டாயம் பார்க்கலாம் என்று சொன்ன இடம் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருந்தது. சென்னைக்கு அருகே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் காட்சி நடத்துவதற்காக, 1998-ல் பல்கேரியாவிலிருந்து டால்பின்களை விமானத்தில் கொண்டுவந்தார்கள். டிக்கெட் வாங்கினால் டால்பின் நிச்சயம். ஆறே மாதத்துக்குள் அவை எல்லாமே இறந்துபோயின.

ஒரு நாளில் பல கிலோமீட்டர் நீந்துகிற பிராணி அது. சத்தம் எழுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பி வரும் எதிரொலியை வைத்தே வழியையும் இரையையும் கண்டுபிடிக்கும். அதைக் கொண்டுபோய் நான்கு சுவர்த் தொட்டியில் விட்டால் என்ன ஆகும்? 2013 மே மாதத்தில், நாட்டில் எங்கேயும் டால்பின் காட்சியகத்துக்கு அனுமதி கிடையாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. ஆகவே, இந்தியாவில் இப்போது டால்பின் பார்க்க ஒரே வழி, அது இருக்கிற இடத்துக்கு நாம் போய், அது வரும்வரை காத்திருப்பதுதான். பட்டனை அழுத்தியதும் எல்லாம் கிடைத்துப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்பே ஒரு பாடம்.

காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. டால்பின் மீன் இல்லை. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும். பாட்டில்மூக்கு டால்பின் சுமார் ஒரு வருடம் குட்டியை வயிற்றில் சுமக்கும். மூச்சு விட மேலே வர வேண்டும் என்பதால் அதனால் நம்மைப் போல அயர்ந்து தூங்க முடியாது. மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறு பாதி விழித்திருக்கும், ஒரு கண் திறந்திருக்கும். கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்த எந்த அம்மாவுக்கும் இந்தத் தூக்கம் தெரியும்.

மூச்சுக்கு மேலே வர வேண்டும் என்பதுதான் அதன் பலவீனமும். மீன் வலையில் சிக்கினால் மேலே வர முடியாது, தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். புலிக்கும் யானைக்கும் உள்ள சட்டப் பாதுகாப்பு டால்பினுக்கும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதுவும் இருக்கிறது.

அதனால் முதுகு தெரிந்ததும், 'அண்ணே, கிட்ட போங்க, துரத்துங்க' என்று படகுக்காரரை அவசரப்படுத்தாதீர்கள். 'தூரத்திலேயே நிறுத்துங்க அண்ணே, பரவாயில்லை' என்று சொல்லுங்கள். எஞ்சின் வேகத்தைக் குறைத்தால், சில சமயம் அவையே படகுக்குப் பக்கத்தில் வரும். பிஸ்கட், சிப்ஸ் எதையும் போட வேண்டாம். காலி பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் நம் பையிலேயே திரும்பி வரட்டும்.

மத்தியானம் திரும்பும்போது, வந்த வழியே வராமல் வேறு வழியில் வரச் சொல்வேன். எண்பது கிலோமீட்டர் கூடும், ஆனால் வீண்போகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம், கூவத்தூர் தாண்டி, கல்பாக்கத்துக்கு முன்னால் ஒரு நீளமான பாலம் வரும். பாலத்தைத் தாண்டி, வண்டியை ஓரமாகப் பத்திரமான இடத்தில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள், 'இது எந்த ஆறு தெரியுமா?'

நம் பாலாறுதான். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் கடந்து, 348 கிலோமீட்டர் நடந்து வந்து வயலூர் அருகே கடலில் கலக்கிற இடம் இது. ஊரில் நமக்கு அது மணல், முள்செடி, கிரிக்கெட் மைதானம். ஆனால் மழை வந்தால் ஆறு ஆறுதான் என்பதை 2021 நவம்பர் வெள்ளத்தில் எல்லோரும் பார்த்தோம். அப்போது நம் ஊரில் ஆற்றில் கொட்டிக் கிடந்ததெல்லாம் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போனது. கரையோரமும் ஆற்று முகத்துவாரமும்தான் கூன்முதுகு டால்பினுக்குப் பிடித்த இடம்.

தோல்தான் நமக்குச் சோறு போடுகிறது. அதைக் குறை சொல்லிவிட்டுப் போக யாருக்கும் உரிமை இல்லை. அதே சமயம், டேனரிக் கழிவால் கிணறு கெட்டுப்போன கதையும் நம் வீட்டுக் கதைதான். வேலூரைச் சேர்ந்த குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்டில், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் பேச வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து, அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கச் சொன்னது.

நம்மைப் போலவே இன்னொரு தோல் ஊர், கங்கைக் கரையில் இருக்கும் கான்பூர். அந்தக் கங்கையில் வாழும் டால்பினைத்தான் 2009-ல் நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்க முடிவு செய்தார்கள். நம் நாட்டு ஆறுகளில் இருக்கும் டால்பின்கள் மொத்தம் 6,327 என்று 2025 மார்ச்சில் கணக்கு வெளியிட்டார்கள். ஆற்றைச் சுத்தம் செய்ய அங்கே நடக்கிற முயற்சியில் டால்பினுக்கும் ஓர் இடம் உண்டு. பாலாற்றில் டால்பின் இல்லை. ஆனால் பாலாறு முடிகிற கடலில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு புரிந்தால் போதும்.

பாலத்திலிருந்து திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, வாலாஜாபாத், காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, வேலூர் வழியாக வீடு. கிட்டத்தட்ட முழு வழியும் ஆறு கூடவே வரும். எத்தனை இடத்தில் பாலாறு தெரிகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வந்தால் நிறுத்தி டீ குடியுங்கள். எட்டரை, ஒன்பது மணிக்குள் ஆம்பூர் வந்துவிடலாம், திங்கட்கிழமை வேலைக்கும் தடை இல்லை.

மாவு மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம்தானே!