வைரத்தின் மேல் மட்டும் பழி போடலாமா?

சியரா லியோன் உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச்செடுத்தால், "எல்லாம் வைரத்துக்காக நடந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 2006இல் வந்த 'பிளட் டயமண்ட்' படம் அந்த எண்ணத்தை ஆழமாக ஊன்றிவிட்டது. கிளர்ச்சிப் படையான புரட்சிகர ஐக்கிய முன்னணி கொள்ளைக்கென்றே பிறந்த கூட்டம், பிரிட்டிஷ் படை வந்து அதை ஒழித்தது என்பது இந்தக் கதையின் மீதிப் பாதி. இரண்டுமே தவறு.

1991 மார்ச்சில் முன்னணியின் தலைவர் ஃபோடே சங்கோவின் ஆட்கள் லைபீரியாவிலிருந்து முதலில் நுழைந்தது கைலாகுனுக்குள். அது காப்பியும் கோகோவும் விளையும் எல்லைப்புறம். பெரிய வைர வயல்கள் கோனோவில் இருந்தன. கைலாகுன் பக்கம் ஓடிய ரயிலை 1970களிலேயே சியாகா ஸ்டீவன்ஸ் அரசு நிறுத்திவிட்டது. 1978இல் எதிர்க்கட்சியே கூடாது என்று சட்டம் போட்டது. ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. கிராமத்தில் ஊர்த்தலைவர்கள் தொட்டதற்கெல்லாம் அபராதம் விதித்து இளைஞர்களை விரட்டினார்கள். அந்த வெறுப்பைத்தான் சங்கோ முதலில் அறுவடை செய்தார். ஆள் போதாதபோது குழந்தைகளைக் கடத்தினார். உண்மை அறியும் ஆணையமும் 2004இல் இதைத்தான் சொன்னது: போருக்கு வேர் ஊழலும் கேடுகெட்ட ஆட்சியும்; வைரம் அதை வளர்த்தது.

வளர்த்தது என்பதை நான் மறுக்கவில்லை. வைரம் லைபீரியா வழியாக வெளியே போனது, துப்பாக்கி உள்ளே வந்தது. அதற்குத் துணைபோன லைபீரியத் தலைவர் சார்லஸ் டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டு சிறை கிடைத்தது, நியாயமே. ஆனால் வைரம் மட்டும்தான் குறி என்றால் 1999 ஜூலையில் லோமே அமைதி ஒப்பந்தத்தோடு போர் முடிந்திருக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் சங்கோவுக்குத் துணை அதிபர் அந்தஸ்தையும் கனிம வள ஆணையத்தின் தலைமையையும் தூக்கிக் கொடுத்தது. கொள்ளைக்காரன் கையில் சாவியையே கொடுத்த பிறகும், அடுத்த மே மாதம் அவருடைய ஆட்கள் சுமார் 500 ஐ.நா. அமைதிப்படை வீரர்களைச் சிறைப்பிடித்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆட்சியதிகாரம்.

முன்னணி மக்களின் கைகளை வெட்டிய கொடுமையையும் வெறும் காட்டுமிராண்டித்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. 1996 தேர்தலை ஒட்டி அது பெருகியது; வாக்குப் போடும் கையை வெட்டினால் வாக்குச்சாவடி காலியாகும் என்று கணக்குப் போட்டார்கள். அப்படியும் மக்கள் வரிசையில் நின்று கப்பாவை அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள். வைரத்தை மட்டும் பேசுகிறவர்கள் அந்தத் துணிச்சலை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

2000இல் தலைநகர் ஃப்ரீடவுனைக் காத்ததில் பிரிட்டிஷ் படைக்குப் பங்கு உண்டு. ஆனால் கைலாகுனில் முற்றுகையிடப்பட்டிருந்த ஐ.நா. அமைதிப்படையின் இந்திய வீரர்கள் ஜூலையில் 'ஆபரேஷன் குக்ரி' நடத்தி வெளியேறினார்கள். எல்லை தாண்டித் தாக்கிய முன்னணியைக் கினி ராணுவம் விமானங்களாலும் பீரங்கிகளாலும் நொறுக்கியது. அதுதான் முன்னணியின் முதுகெலும்பை உடைத்தது. 2001இல் ஐ.நா. தடை டெய்லரின் கையைக் கட்டியது. பிறகே ஆயுதங்கள் கீழே வந்தன.

"அப்படியானால் முன்னணி ஏழைகளின் குரல்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு அந்நாட்டு மக்களே பதில் சொல்லிவிட்டார்கள். 2002 மே தேர்தலில் முன்னணி கட்சியாக நின்றது. அதன் அதிபர் வேட்பாளர் பெற்றது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.