பூனைக்கு நம் மருந்து ஆகாது

வீட்டில் பூனை வளர்க்கும் சகோதரிகளே! நம்மை நம்பி வாழும் வாயில்லா ஜீவன் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனிடம் அன்பு இருந்தால் மட்டும் போதாது. அதன் உடலைப் பற்றிய அறிவும் வேண்டும்.

பூனை சோர்ந்து படுத்து உடல் சுட்டால், பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் பாரசிட்டமால் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து ஊட்டுவோர் உண்டு. இரக்கத்தால் செய்யும் இச்செயல் அதன் உயிரையே பறித்துவிடும். நம் கல்லீரல் அம்மருந்தை மாற்றி வெளியேற்றிவிடுகிறது. அதற்கு வேண்டிய நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. எனவே மருந்து நஞ்சாகி, இரத்தச் சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கின்றன. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சுத் திணறும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

தவறிக் கொடுத்துவிட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராதீர்கள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். முறிமருந்து உண்டு, விரைந்து சென்றால்தான் அது பலன் தரும்.

வெங்காயமும் பூண்டும், சமைத்தவையாயினும், அதே சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆதலால் ஆணத்தில் கிடந்த மீனைப் போடாதீர்கள். மசாலா சேர்க்காமல் அவித்து, முள் நீக்கி வையுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. குடிக்கத் தூய நீரே போதும்.

நோய் கண்டால் அதனால் சொல்ல முடியாது. நாம்தான் கவனிக்க வேண்டும். மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.