மூன்றாவது பதில்

“ஏம்மா, கர்வ் வரலைன்னா நெகட்டிவ்தானே? இதுல என்ன யோசனை?”

2021 மே மாதத்தில் ஓர் இரவு, திருவள்ளூர் மாவட்டத்தில் நான் வேலை பார்த்த தனியார் ஆய்வகத்தின் பொறுப்பாளர் கேட்ட கேள்வி இது. அவர் கொடுமைக்காரர் இல்லை. எங்களுக்கெல்லாம் டீ வாங்கித் தந்துவிட்டுத் தான் குடிக்காமல் இருப்பவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையிலிருந்து வந்த மாதிரிகள் மேசையில் இருந்தன. விடிவதற்குள் ரிப்போர்ட் போக வேண்டும். நெகட்டிவ் என்றால்தான் காலை ஷிப்ட்டுக்கு ஆள் உள்ளே போக முடியும்.

அவர் கேட்டதில் என்ன தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்தத் தவறு அவரோடு முடியவில்லை, கொரோனாவோடும் முடியவில்லை.

மூக்கிலிருந்து எடுத்த பஞ்சுக்குச்சியை நனைத்த திரவம் அப்படியே பிசிஆர் எந்திரத்துக்குள் போவதில்லை, வழக்கமான முறையில். முதலில் வைரஸை உடைத்து, உள்ளே இருக்கும் ஆர்என்ஏவை வெளியே எடுக்க வேண்டும். குவானிடின் தயோசயனேட் என்ற உப்பு அந்த வேலையைச் செய்கிறது. ஆர்என்ஏவைத் தின்றுவிடும் நொதிகளையும் அதுவே முடக்கிப் போடுகிறது. அந்த உப்பு மிகுந்த கரைசலில் டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் சிலிக்காவில், அதாவது மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அந்தப் பொருளில், போய் ஒட்டிக்கொள்ளும். 1990இல் நெதர்லாந்தின் வில்லெம் பூமும் அவருடைய குழுவினரும் இதை ஓர் எளிய ஆய்வக முறையாக எழுதி வெளியிட்டார்கள். இன்றுவரை உலகம் முழுக்க விற்கும் கிட்டுகளில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒட்டியதை ஆல்கஹால் கலந்த கரைசலில் இரண்டு முறை கழுவி, காயவைத்து, கடைசியில் உப்பில்லாத நீரை ஊற்றினால் பிடி விட்டு நீருக்குள் இறங்கிவிடும். மொத்தம் 50 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டு.

கேட்க எளிது. அரிசி களைவதும் கேட்க எளிதுதான். அவசரத்தில் சரியாகக் களையாமல் உலையில் போட்டால் வாயில் கல் கடிபடும். இங்கே கடிபட எதுவும் இல்லை. ஒரு கழுவலைக் குறைத்தால் சளியின் மிச்சம் பிசிஆரைத் தடுக்கும். காயவைக்கும் ஐந்து நிமிடத்தைக் குறைத்தால் ஆல்கஹால் தடுக்கும். கையுறை மாற்றாமல் தொட்டால் நம் வியர்வையில் உள்ள நொதி ஆர்என்ஏவைத் தின்றுவிடும். இத்தனைக்குப் பிறகும் எந்திரம் ஓடும். திரையில் கோடு தட்டையாக வரும். நோய் இல்லாதவரின் கோடும் அப்படித்தான் வரும்.

இதைக் காட்டிக்கொடுக்க ஒரே ஒரு சாட்சி வைத்திருக்கிறார்கள். யாருடைய மூக்கிலிருந்து எடுத்தாலும் கொஞ்சம் மனித செல்கள் வந்தே தீரும். ஆகவே வைரஸின் மரபணுவோடு மனித மரபணு ஒன்றையும் சேர்த்தே தேடுவோம். வைரஸ் கோடு இல்லாமல் மனிதக் கோடு மட்டும் எழுந்தால் நெகட்டிவ். இரண்டுமே எழவில்லை என்றால்? அந்தச் சொட்டு நீரில் மனிதரும் இல்லை, வைரஸும் இல்லை. நாம் எதையுமே பிடிக்கவில்லை. இன்வேலிட். மறுபடி முதலிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். தேவைப்பட்டால் அந்த ஆளிடமே மறுபடி மாதிரி எடுக்க வேண்டும்.

ஆக ஒரு பரிசோதனைக்கு மூன்று பதில்கள் உண்டு: உண்டு, இல்லை, தெரியவில்லை. அன்றிரவு அந்தத் தட்டில் சில குழாய்களில் இரண்டு கோடுகளுமே தட்டை. பொறுப்பாளர் மூன்றாவது பதிலை இரண்டாவதில் சேர்க்கச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ரிப்போர்ட்டோடு வேலைக்குப் போனவர்களில் ஒருவர், எட்டுப் பேர் ஒரே அறையில் தங்கியிருந்த ஒடிசாக்காரர், நான்காம் நாள் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். அறையில் மற்றவர்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. எங்கள் குழாயில்தான் எதுவுமே இல்லையே.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “அது லாபவெறி பிடித்த தனியார் லேப். அவ்வளவுதான்.” அவ்வளவு சுலபமில்லை. 2020 மார்ச்சில் ஆர்டி-பிசிஆருக்கு ஐசிஎம்ஆர் வைத்த உச்சவரம்பு 4,500 ரூபாய். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் அது 900 ரூபாய். விலையைக் குறைத்தது சரி. குறைத்திருக்காவிட்டால் கூலிக்காரர் எவரும் பரிசோதனைப் பக்கமே வந்திருக்க முடியாது. ஆனால் விலையை நிர்ணயித்தவர்கள், எத்தனை மாதிரிகள் இன்வேலிட் ஆயின, எத்தனை திரும்ப எடுக்கப்பட்டன என்று ஒவ்வொரு ஆய்வகமும் வெளியே சொல்ல வேண்டும் என்று ஏன் நிர்ணயிக்கவில்லை? தினமும் மாலை தொலைக்காட்சியில் எண்கள் வந்தன: இத்தனை பேருக்குச் சோதனை, இத்தனை பேருக்குத் தொற்று. மூன்றாவது எண்ணுக்கு அந்தப் பட்டியலில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாத எண்ணை யார் எழுதுவார்கள்?

கிட் தட்டுப்பாடு என்பதும் அரைக் காரணம்தான். 2020 மே மாதத்திலேயே திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் காந்த நுண்மணிகளைக் கொண்டு ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் ‘சித்ரா மேக்னா’ கிட்டை உருவாக்கிவிட்டது. ஹைதராபாதின் சிசிஎம்பி, பிரித்தெடுக்கும் படியையே சுருக்கும் உலர் பஞ்சுக்குச்சி முறையைத் தந்தது. அறிவு நம்மிடம் இருந்தது. ‘தெரியவில்லை’ என்று எழுதும் துணிச்சல்தான் இல்லை.

இப்போது நான் காசநோய் மாதிரிகளோடு வேலை பார்க்கிறேன். இங்கே கையால் பிரித்தெடுப்பது குறைவு. ஜீன்எக்ஸ்பர்ட்டில் எல்லாம் ஒரு கார்ட்ரிட்ஜுக்குள் நடக்கிறது. கோவாவில் தயாராகும் ட்ரூநாட்டில் பிரித்தெடுக்கத் தனியே ஒரு சின்னப் பெட்டி, பேட்டரியிலும் ஓடும். அருமையான கருவிகள். புதிதாக ஒன்று வந்து இறங்கும்போது ரிப்பன் வெட்டுகிறார்கள், பேப்பரில் படம் வருகிறது. “மெஷின் பொய் சொல்லாது” என்கிறார்கள்.

உண்மை, மெஷின் பொய் சொல்வதில்லை. எங்களை விட யோக்கியமானது. சளி கெட்டியாக இருந்தால், ரத்தம் கலந்திருந்தால், பிரித்தெடுத்தது தோற்றால், ‘இன்வேலிட்’, ‘எர்ரர்’ என்று வெட்கமில்லாமல் சொல்லிவிடும். அதற்குப் பிறகு நடப்பதுதான் மனிதர் வேலை. இன்னொரு கார்ட்ரிட்ஜ் போட வேண்டும். ஜீன்எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜ் ஒன்று ஏழை நாடுகளுக்கு 2012 முதல் 9.98 டாலர், பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2023இல் 7.97 டாலர் ஆனது. ஐந்து டாலருக்குக் கொடு என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணக்குப் பார்க்கிறவர் கண்ணில் மறுசோதனை என்பது வீண்செலவு. போதாததற்கு ஆளைத் திரும்பக் கூப்பிட வேண்டும். கும்மிடிப்பூண்டியில் யாரைக் கூப்பிடுவது? காண்ட்ராக்டர் எண்ணைத்தான் எல்லாருக்கும் எழுதியிருப்பார்கள். “அவன் ஊருக்குப் போய்ட்டான் மேடம்.” போகாவிட்டாலும், இரண்டாம் முறை துப்ப வந்தால் ஒருநாள் கூலி போகும்.

மாதிரி எடுப்பதிலேயே கதை முடிந்துவிடுவதும் உண்டு. ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு டப்பா கொடுத்தால் என்ன வரும்? எச்சில் வரும். நமக்கு வேண்டியது காலையில் எழுந்ததும் நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுத்த சளி. அதை அவர் மொழியில் சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிடம் வேண்டும். எச்சிலில் கிருமி இல்லாவிட்டால் உலகத்தின் எந்த எந்திரமும் அதைப் பிடிக்காது. இந்த ‘இல்லை’க்கு ‘எர்ரர்’ என்ற எச்சரிக்கைகூட வராது.

அந்த உருக்காலைகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இண்டக்‌ஷன் உலையின் உள்சுவருக்கு இடித்துப் பூசும் தூள் பெரும்பாலும் சிலிக்காதான். உலைப்பூச்சைக் கொத்தி எடுப்பவர் அதைத்தான் மூச்சில் இழுக்கிறார். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும் என்பது மருத்துவத்துக்குப் பழைய செய்தி. குழாயில் கிருமியின் டிஎன்ஏவைப் பிடித்துத் தரும் அதே பொருள், நெஞ்சுக்குள் கிருமிக்கு இடம் பிடித்துத் தருகிறது. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். 2025க்குள் ஒழித்துவிடுவோம் என்றோம். ஒழியவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ‘தெரியவில்லை’யை ‘இல்லை’ என்று எழுதுவது எழுத்துப்பிழை ஆகாது.

‘இல்லை’ என்ற சொல்லின் விலை இந்த மண்ணுக்குத் தெரியும். 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பகுதியில்தான், உலகத்தின் மிகப்பெரிய பிசிஜி தடுப்பூசிப் பரிசோதனை தொடங்கியது. ஏறக்குறைய 2 லட்சத்து 80 ஆயிரம் பேர். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு வெற்று மருந்து. 15 ஆண்டுகள் ஊர் ஊராகப் பின்தொடர்ந்து, திரும்பத் திரும்பச் சளி எடுத்துப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்பது விடை. யாருக்கும் பிடிக்காத விடை. அதை 1979இலும் 1999இலும் அச்சில் ஏற்றினார்கள். ஓர் ‘இல்லை’யை எழுத அவ்வளவு உழைப்பு. நாங்கள் ஒரே இரவில் எழுதினோம்.

“அப்போ இன்னா பண்ணணும்ன்ற?” என்று கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் கேட்டார். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ரிப்போர்ட்டில் மூன்றாவது கட்டம் வேண்டும்: ‘சோதனை தோற்றது, நோய் உண்டா இல்லையா தெரியாது, மறுபடி மாதிரி தேவை’ என்று தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும். ஒவ்வோர் ஆய்வகமும் மாதாமாதம் அந்த எண்ணிக்கையை வெளியிட வேண்டும். பூஜ்ஜியம் என்று எழுதும் ஆய்வகத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். இரண்டாம் முறை சளி கொடுக்க வரும் தொழிலாளிக்கு அந்த நாள் கூலியை ஆலை தர வேண்டும். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லும் டெக்னீஷியனுக்கு மறுநாளும் வேலை இருக்க வேண்டும். மாத ஒப்பந்தத்தில் இருப்பவரிடம் மனசாட்சியை எதிர்பார்ப்பது சுலபம். அவர் வீட்டு வாடகையை யார் தருவது?

எனக்கு அன்று வாடகை பாக்கி இருந்தது. அது காரணம், சமாதானம் அல்ல. அந்தப் பொறுப்பாளரின் கேள்விக்கு அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன்: இல்லை சார். கர்வ் வரலைன்னா, நமக்குத் தெரியலைன்னு அர்த்தம்.