பிள்ளை இருக்கிறான் என்ற சாக்கு

முதியோர் உதவித்தொகை கஜானாவைக் காலி செய்கிறதாம். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருந்து பிள்ளைகளை நழுவ விடுகிறதாம். ஓய்வுபெற்ற உயரதிகாரி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார். நம் எல்லோருக்காகவும் கவலைப்படுகிறார், பாவம்.

அவர் சொல்லும் சுமை எவ்வளவு? 79 வயது வரை ஏழை முதியவருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007க்குப் பிறகு அதில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. 80ஐத் தாண்டினால் 500; அதுவும் 2011இல் உறைந்துபோன தொகை. தமிழ்நாடு தன் பங்கைச் சேர்த்து 2023 முதல் 1,200 ரூபாய் தருகிறது. நாளுக்கு நாற்பது ரூபாய். இதே காலத்தில் அரசு ஓய்வூதியர்களின் அகவிலைப்படி ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. கொரோனாவில் அதைக் கொஞ்சம் நிறுத்திவைத்தபோது எழுந்த கூக்குரல் மறந்திருக்காது. 80 வயதானால் அவர்களுக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல். கிடைக்கட்டும், வயிறு எரியவில்லை. ஆனால் பருப்பு விலை அவர் வாங்கும் கடையில் மட்டும்தான் ஏறுகிறதா?

‘இளமையில் சேமித்திருக்க வேண்டும்’ என்பது அடுத்த உபதேசம். நாற்பது வருடம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவளுக்கு எந்த மிராசுதார் வைப்பு நிதி பிடித்தார்? இதைச் சொல்பவர் யார் என்பதுதான் வேடிக்கை. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர்கள் ஓய்வூதியத்துக்கென்று சம்பளத்தில் ஒரு பைசா கட்டியதில்லை. முழுவதும் அரசுப் பணம். இவருக்கு வந்தால் உரிமை, களையெடுத்தவளுக்குப் போனால் இலவசமா?

பிள்ளைகளைப் பொறுப்பாக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்கிறார். இருக்கிறது. கோட்டாட்சியர் முன்னால் போய் நின்று, பெற்ற மகன்மேல் தாய் மனுக்கொடுக்க வேண்டும். அந்த மகனும் கூலிக்காரன். வேலை கிடைத்த நாளில்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கும். தீர்ப்பு வந்தாலும் எதைப் பிடுங்கித் தருவது? சொல்லப்போனால், கையில் ஆயிரத்து இருநூறு வைத்திருக்கும் கிழவிக்குத்தான் மருமகளிடம் கொஞ்சமாவது மரியாதை. ‘மகன் இருக்கிறானே’ என்று அதையும் மறுத்துவிட்டால் அவள் அந்த வீட்டுக்கு வெறும் பாரம்.

அதிகாரிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்; நன்றாகச் சம்பாதிக்கவும் செய்வார்கள். அதைக் காரணம் காட்டிக் கருவூலம் எவருடைய ஓய்வூதியத்தையும் நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.