மார்க்கும் மடைநீரும்

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்தால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் அதை நம்பியிருக்கிறது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் தலைமடை வயலில் கதிர் கனத்துத் தலை சாய்க்கும்; கடைமடையிலோ பாதிக்குப் பாதி பதராகப் போயிருக்கும். அதற்காக, "கடைமடைக்காரர் போட்ட விதை மட்டம்" என்று எந்தக் குடியானவரும் சொல்லமாட்டார். தண்ணீர் எத்தனை நாள் பாய்ந்தது என்றுதான் முதலில் கேட்பார்.

காலேஜில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது மட்டும் நமக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. மார்க்கைப் பார்த்தவுடன், "இவன் தேறுவான், அவன் தேறமாட்டான்" என்று ஜோசியம் சொல்லிவிடுகிறோம்.

தேனி மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். முதல் முறை 'நீட்' பரீட்சை எழுதியபோது அவருக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. ஆசிரியர்களும் நல்ல மனம் படைத்த சிலரும் கைகொடுத்தார்கள். மேலும் ஓராண்டு பயிற்சி பெற்று, 2020-ல் மறுபடி எழுதினார். 720-க்கு 664! அதே பையன், அதே மூளை. நடுவில் பாய்ந்தது ஒரு வருஷத்துத் தண்ணீர்தான். அப்படியானால் முதல் பரீட்சை அளந்தது விதையையா, வாய்க்காலையா?

நீதிபதி கலையரசன் குழுவின் ஆய்வை அடுத்து, அதே 2020-ல் தமிழக அரசு ஒரு சட்டம் செய்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்து 'நீட்' தேறியவர்களுக்கு, மருத்துவத்தில் அரசு ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 சதவீதம் தனியே கிடைத்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் இது வந்தது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலம் 1997-லேயே வேறொரு வழி கண்டது. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் என்றது. ஒரே வாய்க்காலில் பாய்ந்த பயிர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது நியாயந்தானே?

"தகுதி குறைந்துவிடாதா?" என்று சிலர் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது வேறொன்று. தமிழில் படித்து வந்த பிள்ளை, முதல் நாள் வகுப்பில் ஆங்கிலப் பாடம் கேட்டுத் திகைத்து உட்கார்ந்திருக்கும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஓர் ஆசிரியரோ, மூத்த மாணவரோ வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பிள்ளை முதல் வருஷம் தவறியதும், "நான் அப்போதே சொன்னேனே!" என்பது ஜோசியமல்ல, பாதிப் பயிரில் மடையை அடைத்த கதை.