திரையில் தமிழர்: முகமும் வாழ்வும்

பினாங்கில் பிறந்த பி. ரம்லீயை அறியாத மலேசியர் இலர். அவர் முதன்முதலாகக் கதைத்தலைவராக நடித்த 'பக்தி' என்னும் மலாய்ப் படம் 1950இல் வெளிவந்தது. அதனை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர் என்பதை இன்றைய மாணவர் எத்தனை பேர் அறிவர்? மலாய்த் திரைக்கலையின் தொடக்க காலத்தில் இந்திய இயக்குநர் பலர் அயராது உழைத்தனர். எனினும், தமிழர் இல்லத்துக் கதையைத் தமிழரே சொல்லும் திரை இந்நாட்டில் உருவாக நெடுங்காலம் ஆயிற்று. பிறர் சொல்ல நேர்ந்தால் அக்கதை என்ன வடிவம் கொள்கிறது என்பதற்குப் பிரெஞ்சுப் படம் ஒன்றே சான்று.

2015ஆம் ஆண்டு கேன்ஸ் திரைப்பட விழாவில், ழாக் ஓதியார் இயக்கிய 'தீபன்' உயரிய விருதான தங்கப் பனையை வென்றது. ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி அதன் தலைமைப் பாத்திரத்தை ஏற்றார். உரையாடலின் பெரும்பகுதி தமிழிலேயே அமைந்தது. உலக அரங்கில் தமிழ் ஒலித்தது எனத் தமிழர் பூரித்தனர். அப்பூரிப்பு நியாயமானதே. ஆயினும், பூரிப்பு ஆராய்ச்சியின் வாயை அடைத்துவிடலாகாது.

படத்தின் முற்பகுதி போற்றத்தக்கது. முன்பின் அறியாத மூவர், இறந்தோரின் கடவுச்சீட்டைக் கொண்டு கணவன், மனைவி, மகள் என நடித்துப் பிரான்சு சேர்கின்றனர். பாரிசுப் புறநகர் அடுக்ககம் ஒன்றில் தலைவன் காவற்பணியாளன் ஆகிறான். மொழி அறியாத் தவிப்பும், நடிப்பு மெல்ல மெல்ல உறவாகும் விந்தையும் உள்ளத்தை உருக்குகின்றன. முடிவில் நிகழ்வது என்ன? போரை வெறுத்து வந்தவன் மீண்டும் கொலைக்கருவி ஏந்துகிறான். ஏதிலியின் துயரம் பழிவாங்கும் வீரக்கதையாய்ச் சுருங்குகிறது. அப்புறநகரில் வாழும் பிற குடியேறிகளோ பெரும்பாலும் போதைப்பொருள் கும்பலாகவே காட்சி தருகின்றனர். ஒரு சிறுபான்மையினருக்கு முகம் தந்த படம் மற்றொரு சிறுபான்மையினரின் முகத்தில் கரி பூசலாமா?

கலைஞனின் கற்பனைக்கு வேலியிடலாமா எனச் சிலர் வினவுவர். வேலி வேண்டா, நேர்மையே வேண்டும். தமிழனை நல்லவனாகவே காட்டுக என்று எவரும் கோரவில்லை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய மலேசியத் தமிழ்ப் படமான 'ஜகாட்' (2015) குண்டர் கும்பலை மறைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில், தோட்டத்தை இழந்து புறம்போக்கு நிலத்தில் குடியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவன் ஏன் வழி தவறுகிறான் என்னும் காரணத்தை அது காட்டிற்று. வன்முறையைக் காட்சிப்பொருளாக்குவதற்கும் அதன் வேரைக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அப்படத்திற்கும் தடை வந்தது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழிப் படங்களுக்கு ஒரு பிரிவும் பிறமொழிப் படங்களுக்கு வேறொரு பிரிவும் வகுக்கப்பட்டன. இந்நாட்டு மண்ணில், இந்நாட்டுக் குடிமக்கள் படைத்த படம் பிறமொழிப் படம் என ஒதுக்கப்படுவதா? அஃப்ட்லின் ஷௌக்கி முதலிய மலாய்க் கலைஞரும் கண்டித்தனர். விதி மாறியது. சிறந்த மலேசியப் படமாக 'ஜகாட்' தேர்வு பெற்றது. நீதிக்குக் குரல் கொடுப்போர்க்கு இனம் தடையன்று என்பதை அவ்வெதிர்ப்பு மெய்ப்பித்தது.

தமிழாசிரியர் கருத வேண்டியது ஒன்றுண்டு. தன் தெருவையும் தன் பாட்டியின் உழைப்பையும் எழுதப் பழகாத மாணவன், நாளை தன் கதையைப் பிறர் கையில் ஒப்படைப்பான். கட்டுரைப் பாடத்தில் மனனம் செய்த மாதிரிகளுக்கே மதிப்பெண் வழங்கிவிட்டு, திரையில் தமிழன் வாழ்வு இல்லையே எனப் புலம்புவதில் பொருளில்லை. அம்மாணவன் எழுதட்டும், பிழையோடேனும் எழுதட்டும். பிழையைத் திருத்த ஆசிரியர் இருக்கின்றனர். எழுதப்படாத வாழ்வைத் திருத்த எவராலும் இயலாது.